பிறந்து ஆறு மணி நேரமாகியும் எழாத கன்று: முதலில் என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜெர்சி கலப்பினக் கிடேரி, தலையீத்து. மார்கழிக் குளிரில் விடியற்காலை மூன்று மணிக்கு ஆளாளுக்குக் கை கொடுத்துக் கன்றை இழுத்து எடுத்திருக்கிறீர்கள். பெட்டைக் கன்று. காலை ஒன்பது மணியாகியும் எழுந்து நிற்கவில்லை, மடியில் வாய் வைக்கவில்லை, அவ்வப்போது தலையை மட்டும் தூக்குகிறது. நஞ்சுக்கொடி விழாமல் சீம்பால் கறக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால், குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் புகட்டியிருக்கிறீர்கள். எழுந்து நிற்க என்ன டானிக், என்ன ஊசி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் நீங்கள் கேட்க வந்தது வேறு: இந்தக் கன்று பிழைக்குமா, பிழைக்க வைக்க வீட்டில் இருப்பவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும்?

முதலில் சுருக்கமான பதில். கன்றின் உடம்பைச் சூடாக்குங்கள், சீம்பாலை இப்போதே கறந்து உள்ளே அனுப்புங்கள். நஞ்சுக்கொடிக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்னொருவரை விட்டு 1962 என்ற இலவச எண்ணுக்கு அழைத்து நடமாடும் கால்நடை ஊர்தியை வரச் சொல்லுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். மற்றதை எல்லாம் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு படிக்கலாம்.

நான் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிக் கன்றுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் எல்லாரும் அதன் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள், அது பொத்தென்று விழும், மறுபடி தூக்குவார்கள். நிற்பது கடைசியில் தானாக வருவது. மூச்சு சீராக இருந்து, உடம்பு சூடாகி, வயிற்றில் சீம்பால் இறங்கினால், கால் எலும்பிலோ நரம்பிலோ கோளாறு இல்லாத கன்று எழுந்துவிடும். குளிர்ந்துபோய் வெறும் வயிற்றோடு கிடக்கும் கன்றை நிற்கவைக்கப் பார்ப்பதில், அதற்கு இருக்கும் கொஞ்ச நஞ்சத் தெம்பும் போய்விடும்.

நல்ல கன்று என்றால் பிறந்த சில நிமிடங்களில் தலையைத் தூக்கிவிடும். கால் மணி நேரத்துக்குள் நெஞ்சை ஊன்றி உட்காரும். ஒரு மணி நேரத்தில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் எழுந்து மடியைத் தேடும். உங்கள் கன்று ஆறு மணி நேரம் தாண்டிவிட்டது. இது கவலைப்பட வேண்டிய தாமதம்தான், சந்தேகமில்லை. ஆனால் தலையைத் தூக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி. மூளைக்கு மூச்சுக்காற்று அடியோடு நின்றுபோன கன்று இந்த நேரத்தில் அப்படித் தூக்காது.

இப்போது சூட்டைப் பார்ப்போம். காதையும் கால் நுனியையும் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்கிறதா என்று ஓரளவு தெரியும். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்து அங்கேயும் சில்லென்று இருந்தால் நிலைமை மோசம். ஆனால் கையை மட்டும் நம்பாதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் செருகி, உள்சுவரில் ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். 101 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் சரி. 100-க்குக் கீழே போனால் கன்று குளிர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 94-க்கும் கீழே என்றால் அதற்குச் சப்பவும் விழுங்கவும் வராது, குடலும் வேலை செய்யாது. அந்த நிலையில் பால் கொடுப்பதைத் தள்ளிவைத்து, முதலில் சூடேற்றத்தான் வேண்டும். 94-க்கும் 100-க்கும் நடுவில் இருந்தால் சூடேற்றுவதும் சீம்பால் கொடுப்பதும் ஒன்றாகவே நடக்கலாம்.

நம் ஊரில் கன்று எங்கே குளிரப்போகிறது என்று நினைக்க வேண்டாம். பனிக்குட நீரில் நனைந்து, சிமென்ட் தரையில் கிடந்து, கொட்டகையின் திறந்த பக்கத்திலிருந்து வாடைக்காற்று வந்தால் போதும். தாய் நக்கிக் காயவைக்காத கன்று, அதுவும் உடம்பில் கொழுப்பே இல்லாத சின்னக் கன்று, இரண்டு மணி நேரத்தில் சில்லிட்டுப் போகும். பழைய துண்டாலோ காய்ந்த வைக்கோலாலோ முடியின் எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்து முதலில் ஈரத்தைப் போக்குங்கள். தேய்ப்பது ஈரத்தை எடுப்பதோடு மூச்சையும் தூண்டும். பிறகு கெட்டியாக வைக்கோல் பரப்பி அதன்மேல் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, மேலே இன்னொரு சாக்கோ கம்பளியோ போர்த்துங்கள். வெந்நீர் ஊற்றிய பாட்டில்களைத் துணியில் சுற்றி விலாவுக்கும் தொடை இடுக்குக்கும் அண்டைக் கொடுக்கலாம். துணி சுற்றாமல் வைத்தால் தோல் வெந்துவிடும், கன்று நகர்ந்துகொள்ளத் தெம்பில்லாமல் அப்படியே கிடக்கும். 100 வாட் குண்டு பல்பு இருந்தால், கன்று எட்டாத உயரத்தில், வைக்கோலில் படாமல் தொங்கவிடுங்கள். மிகவும் சில்லிட்ட கன்றுக்கு வெந்நீர்த் தொட்டிதான் சீக்கிரம் பலன் தரும். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமான சூடாக இருக்கும் நீரில், ஏறக்குறைய 100 முதல் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டில், தலையை வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மூழ்கவைக்க வேண்டும். நீர் ஆற ஆற வெந்நீர் சேர்க்க வேண்டும். வெளியே எடுத்ததும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைக்க ஆள் இல்லையென்றால் இந்த வழியே வேண்டாம், முன்னைவிட மோசமாகக் குளிரும்.

கன்றைப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்க விடாதீர்கள். நெஞ்சை ஊன்றி, முன்னங்கால்கள் மடங்கி, பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து முன்னோக்கி இருக்கும்படி உட்காரவையுங்கள். இரு விலாவுக்கும் வைக்கோல் கட்டை முட்டுக் கொடுங்கள். இப்படி இருந்தால்தான் இரண்டு நுரையீரலும் விரியும். ஒரே பக்கமாகக் கிடந்தால் அடியில் இருக்கும் நுரையீரல் நசுங்கியே கிடக்கும். உட்கார முடியாத கன்றை இரண்டு மணிக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்றிப் போட வேண்டும்.

அடுத்த ஈற்றுக்கும் உதவும் என்பதால் பிறந்த உடனே செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். மூக்கிலும் வாயிலும் இருக்கும் கோழையை விரலால் வழித்து எடுத்துவிட்டு, ஒரு சுத்தமான வைக்கோல் தாளை மூக்குத் துளைக்குள் விட்டுக் குடையுங்கள். கன்று தும்மும் அல்லது ஒரு பெரிய மூச்சு இழுக்கும். தலையிலும் காதிலும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் தெளித்தாலும் அதேபோல மூச்சை இழுக்கும். தெளிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், குளிப்பாட்டக் கூடாது. பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்போது வாயிலிருந்து ஒழுகுவதைப் பார்த்து நுரையீரலில் இருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அதில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருவதுதான். தொங்கும்போது குடலின் எடை முழுவதும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையை அழுத்தி, மூச்சு விடுவதையே கஷ்டமாக்குகிறது. சில நொடிகளுக்கு மேல் தொங்கவிட வேண்டாம். என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம்.

அப்புறம் சீம்பால். உங்கள் சுண்டு விரலை அல்ல, நடுவிரலைக் கழுவிக் கன்றின் வாய்க்குள் விட்டு, மேலண்ணத்தை மெல்ல வருடுங்கள். நாக்கை விரலைச் சுற்றி மடக்கி இழுத்துச் சப்பினால் பாட்டிலில் கொடுக்கலாம். விரலைக் கடிக்கிறது, ஆனால் சப்பவில்லை என்றால் இன்னும் தயாராகவில்லை, சூடேற்றிவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். வாய் தொளதொளவென்று இருந்தால் பாட்டிலோடு பக்கத்தில் போகவே கூடாது.

மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே நஞ்சு வழியாக எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் கிடைத்துவிடுகிறது. மாட்டின் நஞ்சு அமைப்பு வேறு, அது வழியாகக் கன்றுக்கு எதிர்ப்புப் புரதங்கள் போகாது. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலில் இருக்கும் அந்தப் புரதங்களை முழுசாக அப்படியே இரத்தத்துக்குள் விடும் வசதி கன்றின் குடலுக்கு முதல் நாள் மட்டுமே உண்டு. முதல் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் நன்றாக உறிஞ்சும், பிறகு மணிக்கு மணி குறைந்துகொண்டே வந்து 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். இது உறுதியாகத் தெரிந்த விஷயம், கருத்து வேறுபாடு கிடையாது. உங்களுக்கு ஆறு மணி நேரம் போய்விட்டது, ஆனாலும் இன்னும் வழி திறந்துதான் இருக்கிறது.

நஞ்சுக்கொடி விழுந்து, அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்த பிறகுதான் மடியைத் தொடுவது என்ற வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆலமரத்தில் கட்டுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, நாய் இழுத்துப் போகாமல் இருக்கும். ஆனால் கறப்பதைத் தள்ளிப்போடுவதில் நியாயமே இல்லை. கன்று சப்பும்போதும் கை கறக்கும்போதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்பு வருகிறது. பாலை இறக்குவதும் அதுதான், கருப்பையைச் சுருக்குவதும் அதுதான். ஆகவே சீக்கிரம் கறந்தால் நஞ்சுக்கொடி விழ உதவுமே தவிர, உள்ளே இழுத்துக்கொள்ளாது. பெரியவர்களிடம் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இன்னொன்று: முதல் கறவையில் வருவதுதான் கெட்டி. இரண்டாவது கறவையிலேயே அதன் வீரியம் பாதியளவுக்கு இறங்கிவிடும். வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுப்பதற்கு இரண்டாம் நாள் பாலே போதும். முதல் கறவை கன்றுடையது.

எவ்வளவு கொடுப்பது? கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளுக்குள் போக வேண்டும் என்பது குறைந்தபட்சக் கணக்கு. ஜெர்சி கலப்பினக் கன்று பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ இருக்கும். ஆகவே இரண்டு முதல் இரண்டரை லிட்டர், முடிந்தால் மூன்று. தெம்பில்லாத கன்றுக்கு ஒரே மூச்சில் அவ்வளவையும் கொடுக்காமல், இப்போது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர், மூன்று நான்கு மணி நேரம் கழித்து அதே அளவு, இரவுக்குள் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். கறந்த சூடு ஆறிப்போயிருந்தால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பில் நேராக வைக்காதீர்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எதிர்ப்புப் புரதங்கள் கெட ஆரம்பிக்கும், கொதித்தால் திரிந்தே போகும்.

கொடுக்கும் முறையில்தான் நிறையக் கன்றுகள் சாகின்றன. தலையை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ வாய்க்குள் ஊற்றுவது பெரிய மாட்டுக்கே ஆபத்து. விழுங்கத் தெம்பில்லாத கன்றுக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். அப்போது லேசாக இருமும், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்து படுத்துவிடும், வீட்டில் 'குளிர் ஒத்துக்கொள்ளவில்லை' என்பார்கள். நீங்கள் புகட்டிய குளுக்கோஸ் தண்ணீர் எப்படிப் போனது என்று எழுதவில்லை. அப்போது புரை ஏறியிருந்தாலோ, மூச்சில் களகளவென்ற சத்தம் கேட்டாலோ மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பாட்டிலில் கொடுக்கும்போது கன்று நெஞ்சை ஊன்றி உட்கார்ந்திருக்க வேண்டும், மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. ரப்பர் காம்பின் துளை, பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழும் அளவுக்கே இருக்கட்டும். அவசரத்துக்குக் கத்தரிக்கோலால் துளையைப் பெரிதாக்குபவர்கள் உண்டு, செய்யாதீர்கள்.

சப்பவே இல்லை என்றால் வயிற்றுக்குழாய்தான் வழி. இதை முதல் முறை யாராவது தெரிந்தவர் கூட இருந்து காட்டிக்கொடுக்க வேண்டும். எழுத்தில் படித்துவிட்டுச் செய்யும் வேலை இல்லை. ஆனாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் மருத்துவருக்கோ கால்நடை ஆய்வாளருக்கோ நீங்கள் உதவலாம். குழாயை மூக்கு நுனியிலிருந்து முன்னங்காலின் முழங்கை வரை வைத்துப் பார்த்து ஒரு குறி போட்டுக்கொள்வோம். நுனியில் கொஞ்சம் சீம்பாலைத் தடவி, நாக்கின் மேலாக மெல்ல உள்ளே விட்டு, கன்று விழுங்குகிற அந்த நொடியில் தள்ளுவோம். பிறகு கழுத்தின் இடது பக்கத்தை விரல்களால் தடவிப் பார்க்க வேண்டும். வளையம் வளையமாகக் கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படுவது மூச்சுக்குழாய். அதை ஒட்டி, அதற்கு மேல்புறமாக வழவழப்பான இன்னொரு குழாய் தனியாகத் தட்டுப்பட்டால் நாம் உணவுக்குழாயில் இருக்கிறோம். ஒன்றுதான் தட்டுப்படுகிறது என்றால் வெளியே எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அந்தச் சந்தேகத்தோடு ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. சரியாக இருந்தால் பையை உயரப் பிடித்துப் பால் தானாக இறங்கும்படி விடுவோம், பிதுக்கித் தள்ளுவதில்லை. எடுக்கும்போது குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டே இழுக்க வேண்டும், இல்லையென்றால் குழாயில் மீதி இருப்பது தொண்டையில் சிந்தும். குழாயில் போன பால் முதலில் பெருவயிற்றில் விழுந்துதான் நான்காம் வயிற்றுக்குப் போகிறது. அதனால் சப்பிக் குடிப்பதைவிடக் கொஞ்சம் தாமதம் உண்டு. ஒன்றுமே போகாமல் இருப்பதற்கு இது எத்தனையோ மேல்.

தாயிடம் சீம்பால் இல்லை, மடி கல்லாகிவிட்டது, அல்லது இரத்தம் கலந்து வருகிறது என்றால் பக்கத்தில் அதே வாரம் ஈன்ற மாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெரிய பண்ணை வைத்திருப்பவர்கள் உபரிச் சீம்பாலைப் பாட்டிலில் ஊற்றி உறைபெட்டியில் வைத்திருப்பார்கள். நன்றாக உறைந்த நிலையில் ஒரு வருடம் வரை தாங்கும். கெட்டி எது, நீர்த்தது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது அவ்வளவு சரியாக வராது. கரும்புச் சாறின் இனிப்பை அளக்கச் சர்க்கரை ஆலைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் பிரிக்ஸ் கருவி இதற்கும் உதவும். இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து 22-க்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால். எதுவுமே கிடைக்காதபோது முட்டையையும் விளக்கெண்ணெயையும் பாலில் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். அதில் சத்து உண்டு, முதல் சாணம் இளகி வரவும் உதவும். ஆனால் மாட்டின் எதிர்ப்புப் புரதம் அதில் கிடையாது. ஆகவே அதைச் சீம்பாலுக்குச் சமம் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட டானிக்கும் ஊசியும். சர்க்கரை குறைந்துபோன கன்றுக்கு நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவதும், இழுத்து எடுத்ததில் மூச்சு முட்டி இரத்தம் அமிலமாகிப்போன கன்றுக்குச் சோடா உப்புக் கரைசல் ஏற்றுவதும் பலன் தரும் வைத்தியம்தான். இரண்டையும் மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வாய்வழி குளுக்கோஸ் தண்ணீரால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் சீம்பால் போக வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டதால் எழுந்தது என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஊசி போட்ட கையோடு பாலும் கொடுத்திருப்பார்கள், எது வேலை செய்தது என்று யார் கண்டது? கால்சியம் ஊசி கன்றுக்குத் தேவையில்லை, அது தாய்க்கு வரும் பால் காய்ச்சலுக்கானது. செலினியம், வைட்டமின் ஈ ஊசி அந்தச் சத்து மண்ணிலேயே குறைவாக இருக்கும் பகுதிகளில் நிரூபணமானது. நம் பக்கத்துக் கன்றுகளுக்கு எல்லாம் அது வேண்டுமா என்பது சந்தேகம். செலினியம் அளவு மீறினால் விஷம், ஆகவே கடையில் வாங்கி நீங்களே போடாதீர்கள். சில்லிட்டு வெறும் வயிற்றோடு கிடக்கும் கன்றுக்கு மூச்சைத் தூண்டும் ஊசிகளை மட்டும் போடுவது எண்ணெய் இல்லாத விளக்கில் திரியைத் தூண்டுவது போலத்தான். குளம்பு நுனியில் இருக்கும் வெண்மஞ்சள் நிற மெத்தைத் தசையைக் கிள்ளி எடுத்தால் சீக்கிரம் நிற்கும் என்பதும் ஒரு நம்பிக்கை. நடக்க ஆரம்பித்தால் அது தானாகவே தேய்ந்து உதிர்ந்துவிடும்.

ஏன் இப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்வதும் அவசியம். உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் ஈற்றுக் கஷ்டம்தான். சின்னக் கிடேரிக்குப் பெரிய எச்.எஃப். (ஹோல்ஸ்டைன் ஃப்ரீசியன்) இனக் காளையின் சினை ஊசி போட்டிருந்தால் கன்று பெரிதாக வளர்ந்து வழியில் சிக்கும். எந்தக் காளையின் ஊசி என்று பதிவு அட்டையில் பாருங்கள். நெடுநேரம் சிக்கியிருந்த கன்றின் நாக்கும் முகமும் வீங்கியிருக்கும், அதனாலேயே சப்ப முடியாது. அந்த வீக்கம் ஓரிரு நாளில் வற்றிவிடும், அதுவரை குழாயில் கொடுத்தால் போதும். உடம்பெல்லாம் மஞ்சளாகப் பூசினாற்போல் பிறந்திருந்தால், உள்ளேயே மூச்சுமுட்டிச் சாணம் போட்டுவிட்டது என்று அர்த்தம். நாள் கணக்கையும் பாருங்கள். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். முடி குட்டையாகப் பட்டுப்போல இருந்து, குளம்பு மெத்தென்று இருந்து, முன்பற்கள் ஈறைவிட்டு வெளியே வராமல் இருந்தால் குறைமாதக் கன்று. அதற்கு நுரையீரலே முழுசாகத் தயாராகியிருக்காது. காரணம் இல்லாமல் குறைமாதத்தில் பிறந்தால் கருச்சிதைவு நோய், அதாவது புரூசெல்லா, இருக்கிறதா என்று தாயின் இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அது மனிதருக்கும் தொற்றும். அப்படிச் சந்தேகம் இருந்தால் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட வேண்டாம், அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். இந்த நோய்க்கான தடுப்பூசி 4 முதல் 8 மாத வயதுள்ள பெட்டைக் கன்றுகளுக்கு ஒரே ஒரு முறை போடப்படுகிறது. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். உங்கள் கன்று தேறிவிட்டால் அந்த வயதில் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

தீவனமும் ஒரு காரணமாக இருக்கலாம். கன்றின் வளர்ச்சியில் பெரும்பகுதி சினையின் கடைசி இரண்டு மூன்று மாதத்தில்தான் நடக்கிறது. நம் ஊரில் பால் வற்றியதும் தீவனத்தையும் வற்ற விடுவதுதான் வழக்கம். கோடை முழுக்க வெறும் வைக்கோலில் இருந்த மாட்டுக்கு வைட்டமின் ஏ குறைந்து, கன்று தெம்பில்லாமலும் சில நேரம் பார்வை இல்லாமலும் பிறக்கும்.

கன்றைத் துடைக்கும்போதே உடம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆசனவாய் திறந்திருக்கிறதா? சில கன்றுகளுக்கு அது இல்லாமலே போகும், பிசுபிசுவென்று வரும் முதல் சாணமான காட்டுப்பீ ஒரு நாளாகியும் வராமல் வயிறு உப்பும். சிறிய அறுவைசிகிச்சையில் சரியாவதும் உண்டு. மேலண்ணம் பிளந்திருந்தால் குடித்த பால் மூக்கு வழியே வரும். கயிறு கட்டி இழுத்த கால்களைத் தடவி எலும்பு முறிவு, விலா முறிவு இருக்கிறதா என்று பாருங்கள். கணுக்கால் மடங்கி மேல்பக்கத்தை ஊன்றி நின்றால் நரம்பு இழுத்திருக்கிறது என்று பொருள், லேசாக இருந்தால் சில நாள் நடையிலேயே நிமிர்ந்துவிடும். தொப்புள்கொடி ஈரமாகத் தொங்கினால் ஒரு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, மீதியை வெட்டி, டிங்ச்சர் அயோடினில் முக்குங்கள். நாளுக்கு இரண்டு முறை, காயும் வரை. மஞ்சளும் சாணமும் பூச வேண்டாம். படுத்தே கிடக்கும் கன்றுக்குத் தொப்புள் சாணத்திலேயே ஊறிக்கிடக்கும், அந்த வழியாகப் புகும் கிருமி ஒரு வாரத்தில் முழங்கால் மூட்டுகளில் சீழாக வந்து நிற்கும்.

காளைக் கன்றாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியையே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அது வேறு பேச்சு, இருக்கட்டும்.

இன்று மாலைக்குள் உடம்புச் சூடு 101-க்கு வந்து, விரலைச் சப்ப ஆரம்பித்து, காட்டுப்பீயும் போட்டுவிட்டால் பிழைக்கும் பக்கம் நல்ல சாய்வு இருக்கிறது என்பேன். அப்போது ஒரு துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, சில நிமிடம் மட்டும் நிற்கவைத்துப் பழக்கலாம். சூடு வந்தும், இரண்டு வேளை சீம்பால் போயும், நாளை காலையிலும் தலை தொங்கியே கிடந்தால் உள்ளே மூளையிலோ நுரையீரலிலோ பெரிய பாதிப்பு இருக்கிறது என்று பொருள். அந்தக் கன்றுகள் ஒரு சில தேறியதைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலானவை தேறவில்லை. நேரில் தொட்டுப் பார்க்காமல் இதற்கு மேல் யாரும் உறுதி சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் மாடிகன் என்ற மருத்துவர் மந்தமாகப் பிறந்த குதிரைக்குட்டிகளின் நெஞ்சைக் கயிற்றால் சுற்றி இருபது நிமிடம் இறுக்கிப் பிடித்து எழுப்பும் முறையைக் கொண்டுவந்தார். கன்றுகளுக்கும் செய்து காணொளி போடுகிறார்கள். குதிரைக்குட்டிக்கு இருக்கும் அளவு ஆதாரம் கன்றுக்கு இல்லை. விலா முறிந்த கன்றிலோ மூச்சுத் திணறும் கன்றிலோ செய்தால் அதுவே முடிவாகிவிடும். நான் சிபாரிசு செய்யவில்லை.

முதல் வாரம் ஒரு வேளைக்கு அரை முதல் முக்கால் லிட்டராக, நாளைக்கு மூன்று நான்கு வேளை கொடுங்கள். கழிச்சல் வந்தால் பாலை நிறுத்தாதீர்கள், அது பழைய தவறான பழக்கம். பாலுக்கும் பாலுக்கும் நடுவில் உப்பு சர்க்கரைக் கரைசலைத் தனியாகக் கொடுங்கள், பாலில் கலக்க வேண்டாம். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல் நின்றாலோ, கண் குழிவிழுந்தாலோ நரம்பில் மருந்து ஏற்ற வேண்டிய நிலை. இரண்டாவது வாரத்தில் மருத்துவரிடம் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுங்கள். தாய்ப்பால் வழியாகவே வரும் உருண்டைப் புழு ஒன்று உண்டு, எருமைக் கன்றுகளில் இன்னும் அதிகம், ஏற்கெனவே இளைத்த கன்றை அது கொன்றுவிடும்.

கடைசியாக உங்கள் கிடேரி. நஞ்சுக்கொடி பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் விழும், ஆகவே காலை ஒன்பது மணிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கல்லையோ வேறு கனமான எதையுமோ கட்டித் தொங்கவிடாதீர்கள், கையை விட்டு இழுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். கருப்பை கிழிவதும் சீழ் பிடிப்பதும் அப்படித்தான். நாளை காலையும் விழவில்லை என்றாலோ, அதற்குள் மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலோடு நின்றாலோ மருத்துவர் பார்க்கட்டும். வருகிறவரிடம் சொல்வதற்கு மூன்று விவரங்களைக் குறித்து வையுங்கள்: கன்றின் உடம்புச் சூடு எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது, சீம்பால் எவ்வளவு எந்த வழியில் போனது, காட்டுப்பீ போட்டதா இல்லையா. இங்கேயும் அதை எழுதினால் அடுத்து என்ன என்று சொல்ல எனக்கும் வசதியாக இருக்கும்.